கம்மி கிலோமீட்டர் கார் வாங்கலாமா?

பழைய கார் விற்பவர்கள் எல்லோரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் போலிருக்கிறது. "சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டின வண்டி, கிலோமீட்டர் ரொம்பக் கம்மி." டாக்டர் இல்லையென்றால் வாத்தியார். எத்தனை ஓனர் என்பதை ஆர்.சி. புக்கைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். டாக்டரா என்பதை அக்கம்பக்கத்தில் விசாரிக்கலாம். கிலோமீட்டரைத்தான் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறோம். நம்புவதோடு நிற்காமல் அதற்கென்று தனியாகக் காசும் கொடுக்கிறோம். மீட்டர் திருத்தாத, நூற்றுக்கு நூறு உண்மையான கம்மி கிலோமீட்டராகவே இருந்தாலும் அந்தக் காசு வீண் என்பது என் கட்சி.

ஏன் இந்த ஆராய்ச்சி என்றால், வைகை அணையில் இருக்கும் எங்கள் தாய்மாமா ஒரு கார் பார்த்து வைத்திருக்கிறார். ஆண்டிபட்டியில் ரிட்டயர்டு வாத்தியார் ஒருவருடையது. 2009 மாடல் மாருதி 800, ஏ.சி. உண்டு, ஓடியது 21,000 கிலோமீட்டர். கேட்கிற விலை 1,10,000. அதே வருஷத்து வண்டி, 80,000 ஓடியது, தேனியில் 75,000-க்குச் சொல்கிறார்கள். "முப்பத்தஞ்சாயிரம் கூடப் போனாலும் புது வண்டி மாதிரி மாப்ள. தொடச்சு வச்ச கண்ணாடி கணக்கா இருக்கு" என்கிறார் மாமா. வீட்டில் பி.காம். படிக்கிற ஒரே ஜீவன் நான் என்பதால் கணக்குப் பார்க்கிற வேலை என் தலையில் விழுந்தது.

மாமா ஆசைக்குக் கார் வாங்குகிறவர் இல்லை. அத்தைக்கு மாதம் ஒரு தடவை மதுரையில் சிகிச்சை. போகும்போது பஸ்ஸில் போய்விடலாம். திரும்பும்போது அத்தையால் உட்கார முடியாது, சாய்ந்து படுத்துக்கொண்டுதான் வரவேண்டும். ரயிலைக் கேட்காதீர்கள். 2010 கடைசியில் மீட்டர் கேஜை நிறுத்தியவர்கள் தேனிக்கு அகல ரயில் விட்டது 2022 மே மாதம். அப்போது விட்ட ரயிலும் காலையில் மதுரையிலிருந்து தேனிக்கு வந்து, சாயங்காலம் திரும்பியது. காலையில் மதுரைக்குப் போகவேண்டிய எங்களுக்கு அது எதிர்த்திசை. ஆக, வாடகைக் கார்தான். ஒரு தடவைக்கு 3,000 ரூபாய். போதாததற்கு டிரைவர் "இன்னும் எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். மாமாவுக்கு அந்த 3,000-ஐ விட அந்தக் கேள்விதான் வலிக்கிறது என்று நினைக்கிறேன்.

சரி, கணக்குக்கு வருவோம். தேய்மானம் என்று முதல் வருஷத்திலேயே எங்களுக்குப் பாடம் இருக்கிறது. வருஷத்துக்கு இவ்வளவு என்று கழிப்பது ஒரு முறை. ஓடின கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழிப்பது இன்னொரு முறை. பரீட்சையில் ஏதாவது ஒன்றை வைத்துக் கணக்குப் போட்டால் மார்க் போட்டுவிடுவார்கள். காருக்குள் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். பிஸ்டன், கிளட்ச், கியர் எல்லாம் கிலோமீட்டர் கணக்கில் தேயும். டயர், ஹோஸ், பெல்ட், ஆயில் சீல், பேட்டரி, பிரேக் ஆயில் எல்லாம் காலண்டர் கணக்கில் கெடும். வண்டி ஷெட்டில் நின்றாலும் அவற்றுக்கு வயசாகிறது. கூடுதல் விலை கொடுக்கிறவர் முதல் கணக்கை மட்டும் பார்க்கிறார். இன்சூரன்ஸ் கம்பெனியைப் பாருங்கள். வண்டியின் மதிப்பை அவர்கள் வயசை வைத்துக் கழிக்கிறார்கள்: ஒரு வருஷம் தாண்டினால் 20%, நாலு வருஷம் தாண்டினால் 50%. மீட்டர் என்ன காட்டுகிறது என்று அந்த அட்டவணையில் கேள்வியே கிடையாது.

இன்னொன்று, 21,000 கிலோமீட்டர் எப்படி ஓடியது? பதினாறு வருஷத்துக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு மூன்றரை கிலோமீட்டர் சொச்சம். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்திலிருந்து மார்க்கெட். இன்ஜின் சூடேறுவதற்குள் ஊர் வந்துவிடும். பெட்ரோல் எரியும்போது தண்ணீரும் ஆவியாக வெளிவருகிறது. நீண்ட தூரம் ஓடினால் அது வெளியேறிவிடும். இரண்டு கிலோமீட்டரில் நிறுத்தினால் சைலன்சருக்குள்ளும் இன்ஜின் ஆயிலிலும் தங்கிவிடும். சைலன்சர் உள்ளேயிருந்து துருப்பிடிக்கும், வெளியே பளபளவென்று இருக்கும். கடைசி மூன்று வருஷம் வண்டி அநேகமாக நகரவே இல்லை. ஏ.சி. நெடுநாள் ஓடாமல் கிடந்தால் கம்ப்ரசர் சீல் காய்ந்து கேஸ் கசியும். சுண்டெலி வயர் கடிக்கிற கதை தனி. போதாக்குறைக்கு 2025-லிருந்து பங்க்கில் வருவது 20% எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். 2009-ல் செய்த வண்டியின் ரப்பர்கள் இந்தக் கலவைக்கென்று செய்யப்பட்டவையும் அல்ல. அது டேங்கில் மாதக்கணக்கில் கிடந்தால் நல்லதா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

டயரைப் பார்த்தேன். பட்டன் அப்படியே இருக்கிறது. மாமாவுக்குப் பெருமை. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். இதில் 2209 என்று போட்டிருந்தது. அதாவது 2009-ம் வருஷம் 22-வது வாரம் செய்த டயர்! ஓரத்தில் நகக்கீறல் மாதிரி மெல்லிய வெடிப்புகள். பத்து வருஷம் ஆனால் பட்டன் இருந்தாலும் மாற்றிவிடுங்கள் என்று டயர் கம்பெனிகளே சொல்கின்றன. சித்திரை வெயிலில் ஆண்டிபட்டிக் கணவாயில், பின் சீட்டில் அத்தை படுத்திருக்க, இந்த டயரில் எண்பதில் போவதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அணைக்கட்டு ஊர்க்காரனாக ஒன்று சொல்கிறேன். வைகை அணை 1959-ல் திறந்தது. முழுக் கொள்ளளவுக்கு 71 அடி. 66 அடி வந்தால் முதல் எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. இங்கே சின்னப் பிள்ளைக்கும் இந்த எண்கள் தெரியும். அறுபது வருஷத்துக்கு மேல் வண்டல் சேர்ந்து அணையின் கொள்ளளவு குறைந்துபோனது. ஆனாலும் இன்றைக்கும் நிரம்பினால் 71 அடி என்றுதான் செய்தி வரும். அளவு பொய் சொல்லவில்லை. அது மேல்மட்டத்தைச் சொல்கிறது, அவ்வளவுதான். அடியில் கிடக்கும் வண்டலை அதனிடம் கேட்கக் கூடாது.

பழைய கார் சந்தையை வைத்து ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற பொருளாதார நிபுணர் 1970-ல் ஒரு கட்டுரை எழுதினார். மூன்று பத்திரிகைகள் அதைத் திருப்பி அனுப்பிவிட்டன. பிறகு 2001-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லா வண்டிக்கும் விலையைக் குறைப்பார், நல்ல வண்டி வைத்திருப்பவர் சந்தையை விட்டே விலகிவிடுவார் என்பது அவர் வாதம். நம் வாத்தியார் விஷயம் இதைவிட வேடிக்கை. அவர் ஏமாற்றுக்காரர் இல்லை, தங்கமான மனுஷன். அவருக்கே தெரியாது! ஓட்டினால்தானே சத்தம் கேட்கும், எண்ணெய் ஒழுகும். வண்டியைப் பூ மாதிரி வைத்திருந்ததாக அவர் மனதார நம்புகிறார். ஆர்.சி. 2024-லேயே முடிந்துவிட்டதைக்கூட நாங்கள் சொல்லித்தான் கவனித்தார். பதினைந்து வருஷம் ஆனால் எஃப்.சி. பார்த்து ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 5,000. இருபது வருஷம் தாண்டிய காருக்கு 10,000 என்று 2025 ஆகஸ்டில் ஏற்றினார்கள். இங்கேயும் வயசுதான் கணக்கு.

தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப் போனோம். ஸ்டெப்னியோடு ஐந்து டயர் 14,000, பேட்டரி 4,000. டைமிங் பெல்ட், ஹோஸ்கள், பிரேக் சிலிண்டர், எல்லா ஆயிலும் சேர்த்து 10,000. ஆர்.சி., எஃப்.சி. செலவு 7,000. மொத்தம் 35,000. வேடிக்கையைப் பாருங்கள். ஓடாததற்காக 35,000 அதிகம் கொடுக்கிறோம். பிறகு ஓடாததால் கெட்டதைச் சரிசெய்ய இன்னொரு 35,000. ஆக 1,45,000. தேனி வண்டியை 75,000-க்கு எடுத்து 20,000-க்கு வேலை பார்த்தாலும் 95,000 தான். மிச்சம் 50,000 ரூபாய், அதாவது அத்தையைப் பதினாறு மாதம் வாடகைக் காரில் கூட்டிப்போகிற பணம்.

அதற்காக வாத்தியார் வண்டி வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இன்ஜினும் கியர் பாக்ஸும் தேயவில்லை என்பது நிஜமான லாபம்தான். தேனி வண்டி கிளட்ச் எந்தக் கையில் பாடுபட்டதோ யாருக்குத் தெரியும்! ஆனால் அந்த லாபம் ரப்பரையெல்லாம் மாற்றிய பிறகுதான் கைக்கு வரும். அதனால் மாமாவிடம் சொன்னது: மாற்று வேலையும் சேர்த்து 1,10,000-க்குள் முடியவேண்டும், அதாவது வாத்தியாருக்கு 75,000, அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது. ஆர்.சி.யை அவர் பெயரிலேயே புதுப்பித்துத் தரவேண்டும், அந்தச் செலவை வேண்டுமானால் நாம் ஏற்கலாம். மாமாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "வாத்தியார்ட்ட போயி எப்பிடிடா இப்பிடிக் கேக்குறது?" என்கிறார். மரியாதைக்கு 35,000 ரூபாய் விலை கொஞ்சம் ஜாஸ்தி மாமா.

பெல்ஜியத்தில் 2006-லிருந்து பழைய கார் விற்றால் 'கார்-பாஸ்' என்று ஒரு சான்றிதழ் கொடுத்தாக வேண்டும். பட்டறைக்குப் போன ஒவ்வொரு தடவையும் மீட்டர் என்ன காட்டியது என்று தேதியோடு அதில் இருக்கும். மீட்டர் திருத்துவதைத் தடுக்கத்தான் கொண்டுவந்தார்கள். எனக்கு அதில் பிடித்தது அந்தத் தேதிகள். வண்டி எந்த வருஷம் ஓடியது, எந்த வருஷம் தூங்கியது என்று தெரிந்துவிடும். நமக்கு சர்வீஸ் பில்தான் கதி. வாத்தியார் கொடுத்த சர்வீஸ் புக்கில் கடைசி முத்திரை 2017.

விலை பேசுவதற்கு முன்னால் இன்னும் ஒரு வேலை பாக்கி. கல்யாண மண்டபம் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு "நல்லா இருக்கு" என்பதெல்லாம் உதவாது. டயரையும் பிரேக்கையும் மெக்கானிக் சரிபார்த்த பிறகு, மத்தியான வெயிலில், ஏ.சி. போட்டு, ஆண்டிபட்டியிலிருந்து கணவாய் ஏறி உசிலம்பட்டி வரை ஓட்டவேண்டும். டெம்பரேச்சர் முள்ளில் ஒரு கண் இருக்கவேண்டும். உசிலம்பட்டியில் நிறுத்திவிட்டு ஒரு டீ. பத்து நிமிஷம் கழித்து வண்டிக்கு அடியில் குனிந்து, ஏதாவது சொட்டுகிறதா என்று பார்க்கவேண்டும். பிறகு சூடு ஆறுவதற்குள் சாவியைத் திருப்பவேண்டும். ஸ்டார்ட் ஆனால் வாத்தியாரிடம் போய் விலை பேசலாம். ஆகாவிட்டால் உசிலம்பட்டியிலிருந்து ஆண்டிபட்டிக்கு பஸ்ஸுக்கா பஞ்சம்.