சொல்லும் பொருளும்: சிறு போர்

சென்ற வாரம் கும்மிடிப்பூண்டியில் சரித்திரப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். 'கொரில்லாப் போர்' என்ற சொல் வந்ததும் ஒரு பையன் எழுந்து, "குரங்குகளைப்போல் மரத்துக்கு மரம் தாவிச் சண்டையிடுவதால் இப்பெயர் வந்ததா, ஐயா?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. ஆயினும் இந்த ஐயம் படித்த பெரியோர் பலருக்கும் உண்டு.

உண்மையில் இரு சொற்களுக்கும் யாதொரு உறவும் இல்லை. குரங்கின் பெயர் பழைய கிரேக்கக் கடற்பயணக் குறிப்பு ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டு, 1847இல் அவ்விலங்குக்கு இடப்பட்டது. போரின் பெயரோ ஸ்பானிய பாஷையைச் சேர்ந்தது. அதில் 'கெர்ரா' என்றால் போர்; அதனோடு சிறுமைப் பொருள் தரும் விகுதி சேர்ந்து 'கெரில்லா' ஆயிற்று. நேர்ப்பொருள், சிறு போர். ஸ்பானியர் அதை ஏறக்குறைய 'கெர்ரீயா' என்று உச்சரிப்பார்கள். போரிடும் ஆளுக்கு அவர்களிடம் 'கெர்ரியேரோ' என்ற தனிச்சொல் உண்டு. நாமோ ஆங்கிலத்தைப் பின்பற்றி ஆளையும் கெரில்லா என்றே சொல்கிறோம்.

1808இல் நெப்போலியனுடைய சேனை ஸ்பெயினை ஆக்கிரமித்தபோது, குடியானவர்களும் பாதிரிமார்களும் சிறு கூட்டங்களாகக் கூடி, மலைகளில் பதுங்கியிருந்து தாக்கினார்கள். 1814 வரை நீடித்த அப்போரினால்தான் இச்சொல் பிற தேசங்களுக்குப் பரவிற்று. பிரெஞ்சுக்காரர்கள் மட்டும் அவர்களைக் கொள்ளைக்காரர் என்றே அழைத்தார்கள்.

சொல் பரவுமுன்பே செயல் நம் நாட்டில் இருந்தது. 1801இல் மருது சகோதரர்கள் காளையார்கோவில் காட்டை அரணாகக் கொண்டு கும்பினிப் படையை எதிர்த்தனர். காட்டை வெட்டிப் பாதை திறந்தே அப்படை முன்னேற வேண்டியிருந்தது. அவ்வாண்டு அக்டோபர் 24ஆம் தேதி திருப்பத்தூரில் இருவரும் தூக்கிலிடப்பட்டனர். கும்பினியார் அவர்களுக்கு இட்ட பெயர் கலகக்காரர். பெயரிடும் உரிமை வென்றவன் கையில் இருக்கிறது.

இதற்குத் தமிழ்ச்சொல் உண்டா என்று கேட்டேன். எங்கள் ஊர் இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வரும் சிறுமி ஒருத்தி, "கரந்தடிப் போர் என்று எங்கள் தாத்தா சொல்லுவார்" என்றாள். கரத்தல் என்றால் மறைதல். மறைந்திருந்து அடிப்பது கரந்தடி. ஈழத்தார் வழங்கும் அருமையான சொல். நாமும் தயங்காமல் கையாளலாம். பிற மொழிச் சொல்லே வேண்டுமென்பவர்கள் போருக்குக் 'கெ'யும் குரங்குக்குக் 'கொ'வும் எழுதினால் குழப்பம் தீரும்.

பாடம் முடிந்தபின் அச்சிறுமி என்னிடம் வந்து, "போரில் சிறியது என்று உண்டா, ஐயா?" என்று கேட்டாள். விகுதியின் இலக்கணத்தை விளக்கியிருந்த எனக்கு, அதற்கு விடை சொல்லத் தெரியவில்லை.