ஏரிக்கும் காட்டுக்கும் என்ன விலை?

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டை அடைந்து, மாலை மங்கும் நேரத்தில் லேடீஸ் சீட் முனையில் நின்று கீழே பார்ப்பவர்களுக்கு ஒரு மயக்கம் ஏற்படுவதுண்டு. சமவெளி மெல்ல இருளில் கரைய, சேலத்தின் விளக்குகள் நடுக்கடலில் நிற்கும் படகுகளின் விளக்குகளைப்போல் மிதக்கத் தொடங்கும். நாம் நிற்பது ஒரு தீவு என்றே தோன்றும்.

உயிரியல் நோக்கில் அது தீவேதான். சேர்வராயன் மலை மேற்குத் தொடர்ச்சி மலையைப்போல் அறுபடாத தொடரன்று. கிழக்குத் தொடர்ச்சி மலையிலிருந்து தனித்து நிற்கும் ஒரு துண்டு. அதன் உச்சி 1,623 மீட்டர். குளிருக்கும் பனிமூட்டத்துக்கும் பழகிய ஒரு செடிக்குச் சுற்றிலும் கொதிக்கும் சமவெளி தாண்டமுடியாத கடல். வெர்னோனியா செவராயென்சிஸ் என்று இம்மலையின் பெயரையே சுமந்து நிற்கும் ஒரு சிறுமரம் அழியும் நிலையிலுள்ள தாவரங்களின் வரிசையில் இடம்பெற்றிருக்கிறது. இங்கே அற்றுப்போனால் இன்னொரு மலையிலிருந்து விதை பறந்து வரப்போவதில்லை.

ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு ஆயிற்று என்பர். (ஏழு காடு என்று பிரிப்பவர்களும் உண்டு, அந்த வழக்கை இங்கே தீர்க்கவேண்டியதில்லை.) தன் சொத்து இன்னதென்று பெயரிலேயே எழுதிவைத்துக்கொண்ட ஊர். காப்பிக்குக் கணக்கு இருக்கிறது. கோடைவிழாவுக்குக் கணக்கு இருக்கிறது. தோண்டி இறக்கிய பாக்சைட்டுக்கு டன் கணக்கு இருந்தது. இந்த மலை கீழே அனுப்பும் நீருக்கு?

காட்டுக்கு விலை சொல்வதா என்ற அருவருப்பு இலக்கியம் படிப்பவர்களிடம் இயல்பாகவே எழும். நமக்கும் நெடுநாள் இருந்தது. பெற்ற தாய்க்கு விலையுண்டா என்று மேடையில் கேட்டால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் கோப்பு என்பது வேறு உலகம். அங்கே விலைமதிப்பற்றது என்பதை எழுதக் கட்டம் கிடையாது. காலியாக விட்ட கட்டம் கூட்டும்போது பூஜ்யமாகிவிடும். நம்முடைய பக்தியே காட்டுக்கு எதிரான சாட்சியாக மாறும் இடம் அது.

1997இல் ராபர்ட் கோஸ்டான்சாவும் அவருடன் பணியாற்றியவர்களும் 'நேச்சர்' இதழில் உலகத்து இயற்கை முழுவதற்கும் ஒரு மதிப்புச் சொன்னார்கள்: ஆண்டுக்குச் சராசரியாக 33 லட்சம் கோடி டாலர். உலக நாடுகளின் மொத்த உற்பத்தியே அன்று 18 லட்சம் கோடி டாலர்தான். முடிவிலியைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டார்கள் என்று ஒரு பொருளியலாளர் கேலி செய்தார். கேலி நியாயமானதே. பூமி முழுவதற்கும் சொல்லும் விலையை வைத்துக்கொண்டு ஒரு வட்டாட்சியர் எதை முடிவுசெய்ய முடியும்?

இந்தக் கணக்கு பயன்பட்ட இடம் சிறியது. மாலத்தீவில் 1993இல் வெளிவந்த ஓர் ஆய்வு, முக்குளிப்பவர்கள் சுறா பார்க்கக் கூடும் ஒரு பவளத் திட்டை எடுத்துக்கொண்டது. அங்கே உயிருடன் சுற்றும் ஒரு சாம்பல் சுறா ஆண்டுக்கு ஏறத்தாழ 33,500 டாலர் வருமானம் தருகிறது. பிடித்துக் கொன்றால் ஒரே ஒருமுறை 32 டாலர். கடலை வணங்கச் சொல்லி யாரும் அங்கே உபதேசிக்கவில்லை. 1998இல் சுற்றுலா நடக்கும் பவளத்தீவுக் கூட்டங்களைச் சுற்றிச் சுறாப் பிடிப்பு நிறுத்தப்பட்டது. 2010இல் நாடு முழுவதற்கும் தடை வந்தது. நாடு சிறியதாக இருந்ததால் இழப்பவர் யார், பெறுபவர் யார் என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது.

கணக்குப் பார்க்காத தீவும் ஒன்று உண்டு. பசிபிக் கடலில் 21 சதுர கிலோமீட்டரே பரப்புள்ள நவ்ரு, இருபதாம் நூற்றாண்டு முழுவதும் பாஸ்பேட்டுக்காகத் தோண்டப்பட்டது. டன்னுக்கு இவ்வளவு என்று விலை இருந்தது. தோண்டியபின் எஞ்சும் நிலத்துக்கு விலை இல்லை. தீவின் பெரும்பகுதி கூர்கூரான சுண்ணாம்புத் தூண்களாகக் கிடக்கிறது. 1989இல் ஆஸ்திரேலியாவின்மீது சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, 1993 சமரசத்தில் 10.7 கோடி ஆஸ்திரேலிய டாலர் பெற்றார்கள். பணம் வந்தது, மண் வரவில்லை.

சேர்வராயன் மலைக்கு மாலத்தீவைவிட நவ்ருவே நெருங்கிய உறவு என்பது நம் வருத்தம். இம்மலையின் மேல்தளங்களில் பாக்சைட் தொப்பியைப்போல் படிந்திருக்கிறது. 1965இலிருந்து மேட்டூரில் இயங்கிய மெட்ராஸ் அலுமினியக் கம்பெனிக்கு இங்கிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் தாது இறங்கியது. 2008இன் இறுதியில் மேட்டூரில் அலுமினிய உற்பத்தி நின்றது. நுண்துளைகள் நிறைந்த இந்தத் தொப்பி மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு கோடையில் மெல்ல ஊற்றாக விடுகிறது என்று பாக்சைட் மலைகளைப் பற்றி எழுதிய பலரும் சொல்லியிருக்கிறார்கள். தொப்பியைக் கழற்றினால் ஊற்று எவ்வளவு குறையும் என்பது மலைக்கு மலை மாறும். ஆகவேதான் குத்தகைப் பத்திரத்துக்கு முன்னால் அளவுகோல் வந்திருக்கவேண்டும்.

நம் நாட்டில் காட்டுக்கு விலையே இல்லையா என்றால், உண்டு. நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்க் காடுகளை முன்னிட்டு கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் தொடுத்த வழக்கிலிருந்து கிளைத்ததே அது. காஞ்சன் சோப்ரா குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து, காட்டு நிலத்தை வேறு பயனுக்கு மாற்றுபவர்கள் ஹெக்டேருக்கு 4.38 லட்சம் முதல் 10.43 லட்சம் ரூபாய்வரை செலுத்தவேண்டும் என்று 2008 மார்ச்சில் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. 2022இல் இந்தத் தொகை 9.57 லட்சம் முதல் 15.95 லட்சம்வரை உயர்த்தப்பட்டது. மரத்தின் அடர்த்தியையும் காட்டின் வகையையும் வைத்து அட்டவணை போட்டிருக்கிறார்கள்.

ஒன்றுமில்லாததற்கு இது மேல் என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் மாலத்தீவின் கணக்குக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்கவேண்டும். அங்கே கொல்லலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கக் கணக்குப் போட்டார்கள். இங்கே வெட்டுவது ஏறக்குறைய முடிவான பிறகு, ரசீது போடுவதற்குக் கணக்கு. சுங்கச்சாவடிக்கும் நாடிபார்க்கும் வைத்தியருக்கும் உள்ள தூரம் அது. தவிரவும், அடர்த்தி குறைந்த முட்புதர்க்காட்டுக்கு அட்டவணையின் அடித்தட்டு விலைதான். வெர்னோனியாவுக்கென்று ஒரு வரி அதில் கிடையாது. ஏற்காட்டின் மேல்தளத்தில் பெரும்பகுதி காப்பித் தோட்டங்களாக இருக்க, பட்டா நிலம் இந்த அட்டவணைக்குள் வரவே வராது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். பின்னர் நிழலுக்கும் மிளகுக்கொடிக்குமாக ஆஸ்திரேலியாவின் சில்வர் ஓக் வந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே பச்சை. பழைய நாட்டுமரத்துக்கும் சில்வர் ஓக்குக்கும் உள்ள வேறுபாட்டைப் பறவைகள் அறியும்.

அப்படியானால் இந்தத் தீவின் கணக்கை எங்கே தொடங்குவது? நீரில் தொடங்கலாம் என்பது நம் கட்சி. திருமணிமுத்தாறு இம்மலையில் பிறந்து சேலம் நகருக்குள் புகுந்து காவிரிக்குப் போகிறது. சரபங்கா ஓமலூர், எடப்பாடி வழியாக அதே காவிரியை அடைகிறது. வாணியாறு மறுபுறம் தர்மபுரி மாவட்டத்தில் இறங்கி அணையில் தேங்குகிறது. மூன்று திசைகளிலும் உழுபவர்கள் மலையின் பயனாளிகள். மலைக்காக அவர்களில் யாரும் காசு கொடுத்ததில்லை, கேட்கவும் இல்லை. திருமணிமுத்தாற்றைச் சேலத்துச் சாக்கடையாக்கிவிட்டோம் என்பதையும் சொல்லவேண்டும். மேலே பிறக்கும்போது அது அப்படியில்லை.

சேர்வராயன் கோயில் ஒரு குகை. உள்ளே சேர்வராயனோடு காவேரியம்மனும் இருக்கிறாள். குகை காவிரிவரை நீள்கிறது என்பது ஐதீகம். படித்தவர்கள் புன்னகைப்பார்கள். ஆனால் அந்த மலை காவிரிக்கு நீர் தருகிறது என்ற உண்மையை எந்தத் துறைக்கும் முன்னால் பதிவுசெய்து வைத்தவர்கள், காஞ்சிபுரத்திலிருந்து ஏறிவந்ததாகத் தம் வரலாற்றைச் சொல்லும் மலையாளிப் பழங்குடிகள்தாம். அவர்களுடைய கோயில்காடுகளையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்கவேண்டும்.

சில நண்பர்களோடு போயிருந்தபோது, கோயில் வழியில் தேனும் மிளகும் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் ஊற்றுகளைப் பற்றிக் கேட்டோம். அவர் விரல்விட்டு எண்ணினார்: மாசியில் நிற்பவை, பங்குனியைத் தாண்டுபவை, எப்போதும் நிற்காதவை. "முன்ன நிக்காம ஓடினதுல சிலது இப்பப் பங்குனியிலயே நின்னு போவுது சாமி" என்றார். ஏன் என்று கேட்டதற்கு மலையைக் கையால் காட்டினாரேயொழிய வேறொன்றும் சொல்லவில்லை.

ஒடிசாவின் நியமகிரியில் பாக்சைட் தோண்டலாமா என்பதைக் கிராம சபைகள் முடிவுசெய்யட்டும் என்று 2013 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் சொன்னது. பன்னிரண்டு சபைகள் கூடின; பன்னிரண்டும் வேண்டாம் என்றன. அந்தச் சபைகளில் டாலர்க் கணக்கு எதுவும் தேவைப்படவில்லை என்று நம்மை மடக்கலாம். உண்மைதான். ஆனால் நியமகிரியில் மலையில் வாழ்பவர்களே முடிவெடுத்தார்கள். சேர்வராயன் மலையைப் பற்றிய முடிவில் எடப்பாடியின் உழவருக்கும், சேலத்தின் குழாயடியில் நிற்பவருக்கும், வாரக்கடைசியில் அறை எடுத்துத் தங்கும் நமக்கும் பங்கிருக்கிறது. ஒருவரையொருவர் அறியாத இத்தனை பேருக்கும் பொதுமொழி வேண்டுமென்றால் எண்ணைத் தவிர வேறு எது?

பெரிய நிபுணர் குழு அமையும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. கிளியூர் அருவிக்கு மேலேயும் மூன்று ஆறுகளின் தலைமடைகளிலும் ஓர் அளவுகோலை நட்டு, மாதம் ஒருமுறை நீரின் உயரத்தைக் குறித்துவைக்கலாம். பள்ளிக்கூடங்களுக்கு ஏற்காட்டில் பஞ்சமில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் செய்யக்கூடிய வேலை. நோட்டின் முதல் பக்கத்தில் அந்தப் பெரியவர் விரல்விட்டுச் சொன்ன மூன்று வகை ஊற்றுகளையும், அவை இருக்கும் இடங்களோடு, அவரையே கேட்டு எழுதிவிடலாம்.