படத்தில் இல்லாதவர்கள்



உங்களில் சிலர் இன்னும் உயர்நிலைப் பள்ளிக்குப் போகவில்லை. சிலர் இப்போதுதான் 9ஆம் வகுப்பில் சேர்ந்திருப்பீர்கள். ஒருநாள் நீங்களும் 12ஆம் வகுப்பை முடிப்பீர்கள். அன்று உங்கள் வகுப்பு முழுவதும் சேர்ந்து, கடந்துவந்த வருடங்களைத் திரும்பிப் பார்க்கும். அதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. அதை இப்போதே உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

நான் ரொறன்ரோவில் படித்தேன். 2006ஆம் ஆண்டு ஜூன் மாதம் எங்கள் வகுப்பு பள்ளியை முடித்தது. ஒன்ராறியோவில் சான்றிதழ் பெற 30 கிரெடிட் வேண்டும். எழுத்தறிவுத் தகுதியைப் பெற வேண்டும். 40 மணி நேரம் சமூகத் தொண்டும் செய்ய வேண்டும். லேசான வேலை இல்லை! விழா அன்று நீண்ட அங்கி போட்டு, தொப்பி வைத்து மேடை ஏறினோம். அம்மா அழுதா. அப்பா படம் எடுத்துக்கொண்டே இருந்தார்.

ஒரு மாணவர் எங்கள் சார்பில் பேசினார். "நாங்கள் ஒன்றாகத் தொடங்கினோம், ஒன்றாக முடிக்கிறோம்" என்றார். எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன்.

ஆனால் அவர் சொன்னது உண்மை இல்லை.

9ஆம் வகுப்பில் கணிதப் பாடத்துக்கு என் பக்கத்தில் ஒரு தோழி இருந்தாள். எனக்குக் கணக்கு விளங்காவிட்டால் அவள்தான் சொல்லித் தருவாள். நாங்கள் 11ஆம் வகுப்பில் இருந்தபோது அவளுடைய அப்பாவுக்கு வருத்தம் வந்தது. அவள் விடியற்காலையில் ஒரு கோப்பிக் கடையில் வேலைக்குப் போகத் தொடங்கினாள். முதலில் பிந்தி வந்தாள். பிறகு சில நாள் வரவில்லை. கடைசியில் வரவே இல்லை.

எங்கள் ஆண்டு மலரைத் தயாரித்த குழுவில் நானும் இருந்தேன். 9ஆம் வகுப்புச் சுற்றுலாவில் எடுத்த ஒரு படம் கிடைத்தது. பக்கத்தில் இடம் போதவில்லை. அதனால் படத்தின் ஓரத்தை வெட்டினோம். அந்த ஓரத்தில்தான் அவள் நின்றாள். அப்போது அது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

அந்தக் கோடை விடுமுறையில் அவளைப் பஸ்ஸில் கண்டேன். என் கையில் அந்த மலர் இருந்தது. அவள் அதை வாங்கி, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள்.

"என்ர படம் எங்கயாவது இருக்கோ?" என்று கேட்டாள்.

"இல்லையடி."

"ஓம், நான் முடிக்கேல்லத்தானே" என்று சொல்லிவிட்டு, புத்தகத்தை மூடித் தந்தாள்.

அவள் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை கஷ்டமாக இருக்கிறது.

என் கருத்து இதுதான்: ஒரு வகுப்பு தன் கதையைச் சொல்லும்போது, முடித்தவர்களின் கதையை மட்டும் சொல்லக் கூடாது. தொடங்கிய எல்லோருடைய கதையையும் சொல்ல வேண்டும்.

நான் இப்போது மென்பொருள் எழுதுகிறேன். எங்கள் வேலையில் ஒரு விஷயம் உண்டு. ஒரு செயலியை 100 பேர் திறக்கிறார்கள், 60 பேர் மட்டும் கடைசிப் பக்கம்வரை வருகிறார்கள் என்று வையுங்கள். அந்த 60 பேரிடம் மட்டும் கேட்டால், "எல்லாம் நல்லா இருக்கு" என்பார்கள். பிழை எங்கே என்று, பாதியில் விட்டுப் போன 40 பேருக்குத்தான் தெரியும். பள்ளியும் அப்படித்தான். யார் போனார்கள், ஏன் போனார்கள் என்று கேட்டால்தான் அதைத் திருத்தலாம்.

ஒன்ராறியோ அரசும் இதை யோசித்தது. முன்பு 16 வயது வரைதான் பள்ளி கட்டாயம். 2006 டிசம்பரில் அதை 18 வயது வரை என்று மாற்றிச் சட்டம் கொண்டுவந்தார்கள். நான்கு வருடத்தில் முடிப்பவர்களோடு, ஐந்து வருடத்தில் முடிப்பவர்களையும் இப்போது கணக்கில் எடுக்கிறார்கள். அரசே கணக்கில் எடுக்கும் ஆட்களை நாங்கள் ஏன் மறக்க வேண்டும்?

"அது முடித்தவர்களின் விழா. கஷ்டப்பட்டுப் படித்தவர்களைக் கொண்டாட வேண்டாமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கட்டாயம் கொண்டாடுங்கள். ஆனால் என் தோழியும் கஷ்டப்படாமல் இருக்கவில்லையே! காலை ஐந்து மணிக்கு வேலைக்குப் போய்விட்டு, அவள் எனக்குக் கணக்கும் சொல்லித் தந்தாள். நான் மேடை ஏறியதில் அவளுக்கும் பங்கு உண்டு.

"தங்கள் பெயர் வருவதைச் சிலர் விரும்பமாட்டார்களே?" என்றும் கேட்கலாம். அதுவும் சரிதான். அதனால் முதலில் அவர்களிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். நாங்கள் கேட்கவே இல்லை. அதுதான் எங்கள் பிழை.

என் தோழி சில வருடங்களுக்குப் பிறகு, பெரியவர்களுக்கான பள்ளியில் படித்துச் சான்றிதழ் வாங்கினாள். எனக்குத் தொலைபேசியில் சொன்னாள். அப்போதுதான், அந்தப் படத்தை வெட்டியதில் நானும் இருந்தேன் என்று அவளிடம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் படம் இப்பவும் உன்னட்ட இருக்கோ? எனக்கு அனுப்பு" என்றாள். தேடி எடுத்து அனுப்பினேன். முழுப் படத்தையும்.

இப்போது உங்கள் வகுப்பை நினைத்துப் பாருங்கள். உங்கள் பள்ளியாக இருக்கலாம், இந்தத் தமிழ் வகுப்பாகவும் இருக்கலாம். போன வருடம் பக்கத்தில் இருந்த யாராவது இந்த வருடம் இல்லையா? 12ஆம் வகுப்பு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். "எப்படி இருக்கிறாய்? நீ இல்லாதது எனக்குத் தெரியுது" என்று இன்றைக்கே ஒரு செய்தி அனுப்புங்கள்.

நான் அதை 11ஆம் வகுப்பிலேயே செய்திருக்க வேண்டும்.