சுவருக்கு ஸ்வெட்டர் போட்ட கதை!

லீவு விட்டா எல்லாரும் டூர் போவாங்க. நான் போன சம்மர்ல மதுரை வெயில்ல ஒரு சுவருக்கு ஸ்வெட்டர் போட்டேன். சிரிக்காதீங்க பாஸ், மேட்டர் சீரியஸ்!

எங்க வீடு தாத்தா காலத்துக் கட்டடம். 9 இன்ச் செங்கல், சுண்ணாம்புக் காரை. மேற்குப் பக்கம் ஒட்டினாப்ல இருந்த வீடுதான் எங்களுக்கு நிழல். அதை இடிச்சுக் காலி மனையாக்கிட்டாங்க. அன்னிலேர்ந்து சாயங்கால வெயில் மொத்தமும் அப்பத்தா ரூம் சுவர் மேலதான்.

கூத்து என்னன்னா, பகல்ல சுவர் சாதுவா இருக்கும். ராத்திரி பத்து மணிக்குக் கை வெச்சா தோசைக்கல்! 9 இன்ச் செங்கலைத் தாண்டிச் சூடு உள்ள வர ஆறேழு மணி நேரம் ஆகும். கரெக்ட்டா அப்பத்தா கட்டில்ல சாயுற நேரம். "திண்ணையில படு அப்பத்தா"ன்னா, "உங்க தாத்தா இருந்த ரூம்யா இது"ன்னு நகராது.

வெளிப்பக்கம் கீத்துப் பந்தல் போட்டு, வெயில் சுவர்ல படாமலே பண்றதுதான் பெஸ்ட். ஆனா அது அடுத்தவர் மனையாச்சே! ஸோ, உள்பக்கம்தான் வழி.

நாலாவது செமஸ்டர்ல படிச்ச ஹீட் டிரான்ஸ்ஃபர் எதுக்கு இருக்கு? 1822-ல ஃபோரியர் புஸ்தகமாவே எழுதி வெச்ச சமாசாரம். கால்குலேட்டரைத் தட்டினேன். 1 இன்ச் தெர்மாகோல், கிட்டத்தட்ட 20 இன்ச் செங்கல் அளவுக்குச் சூட்டைத் தடுக்குது! ஒட்டினா, சுவர் வழியா வர்ற சூடு பாதிக்கும் கீழ. ஸ்டேஷனரி கடையில கட்டுக் கட்டா தெர்மாகோல், டப்பா டப்பாவா பசை. ஒரே ஞாயித்துக்கிழமையில வேலை ஓவர். அன்னிக்கு ராத்திரி அப்பத்தா அசந்து தூங்குச்சு. காலேஜ்ல ஒரு வாரம் எனக்கு அதான் பேச்சு.

ஐப்பசி மழை வந்துச்சு. ரூம்ல ஒரு வாடை. அப்பத்தாவுக்கு விடாத இருமல். ஒரு ஷீட்டைப் பிய்ச்சுப் பார்த்தா... பின்னாடி சுவர் பூராக் கறுப்புப் பூஞ்சை!

அந்தப் பக்கம் இன்னொரு வீடு ஒட்டி இருந்ததால, வெளிய பூச்சே கிடையாது. மழைத்தண்ணி செங்கல்ல இறங்கிடுச்சு. முன்னேன்னா ரூம் பக்கமாவும் காய்ஞ்சிருக்கும். அந்த வழியைத்தான் நான் பசை போட்டு அடைச்சுட்டேனே! ஃபோரியர் ஃபார்முலாவுல தடிமன் இருக்கு, பரப்பு இருக்கு. ஐப்பசி மாசம் இல்லை.

டாக்டர்கிட்டப் போறப்ப அப்பத்தா திட்டவே இல்லை. "சுவத்துக்கும் மூச்சு விடணும்ல ராசா" அவ்ளோதான். திட்டியிருந்தாக்கூடத் தேவலை!

தெர்மாகோல் எல்லாத்தையும் பிய்ச்சுப் போட்டு, சுவரைச் சுரண்டிச் சுத்தம் பண்ணோம். இருமலும் நின்னுச்சு. தை மாசம் அப்பா மனைக்காரர்கிட்டப் பேசி பெர்மிஷன் வாங்கினார். "சுண்ணாம்புச் சுவத்துக்கு சிமென்ட் பூசினா, உள்ள போன தண்ணி வெளிய வராது தம்பி"ன்னார் கொத்தனார் அண்ணன். அதனால வெளிய சுண்ணாம்புப் பூச்சு. அப்புறம் மூணு மாசம் சும்மா காயவிட்டோம். என் லைஃப்லயே நான் பொறுமையா இருந்த மூணு மாசம் அதுதான்!

சித்திரையில ரெண்டாவது ஸ்வெட்டர். இந்தத் தடவை சட்டுனு தீப்பிடிக்காத ரக போர்டு, அதுக்கு மேல ஜிப்சம் போர்டு. வெறும் தெர்மாகோல் பத்திக்கிட்டா உருகி ஒழுகி, கரும்புகையைக் கக்கும். பி.வி.சி. ஒயர் அதைத் தொட்டுக்கிட்டே இருந்தா, மேலுறை நாளாவட்டத்துல விறைச்சுப் போய் வெடிக்கும். அதனால ஒயரையெல்லாம் தனிக் குழாய்ல விட்டாச்சு.

இப்ப ராத்திரி சுவர்ல கை வெச்சா சுடலை. மொட்டை மாடிச் சூடு இன்னும் பாக்கி, அது தனிக் கச்சேரி. ஓரத்துல ஒரு போர்டை மட்டும் ஸ்க்ரூவுல நிறுத்தியிருக்கேன். ஐப்பசியில கழட்டி, பின்னாடி ஈரம் இருக்கான்னு தொட்டுப் பார்க்கணும்.

உங்க வீட்லயும் ஐடியா இருந்தா ஒரு மழைக்காலம் முழுக்கச் சுவரைத் தொட்டுப் பாருங்க பாஸ். கால்குலேட்டரை அப்புறம் எடுக்கலாம்!