5 பிணைப்பும் 8 பிணைப்பும்

மரக்காணம்னு சொன்னதும் ஈ.சி.ஆர். ஓரத்து உப்பளம்தான் நமக்கு நினைவுக்கு வரும். அயனிப் பிணைப்புக்குப் பாடப்புத்தகம் தரும் உதாரணமும் அந்த உப்புதான். ஆனா அதே கரையில சகப்பிணைப்புக்கும் ஒரு பாடம் நடந்தது. அதை யாரும் சிலபஸ்ல சேர்க்கல.

2023 மே மாதம், மரக்காணம் பக்கத்துல எக்கியார்குப்பம் என்ற மீனவர் கிராமத்தில், சாராயம்னு நம்பிக் குடிச்சவங்க பத்துப் பேருக்கு மேல இறந்தாங்க. உள்ளே இருந்தது தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனால். அடுத்த வருஷம் ஜூனில் கள்ளக்குறிச்சி; அங்கே 60-க்கும் மேற்பட்ட உயிர்கள்.

ரெண்டு மூலக்கூறையும் பேப்பர்ல வரைஞ்சு பாருங்க. மெத்தனாலில் ஒரு கார்பன், 5 பிணைப்பு. எத்தனாலில் இரண்டு கார்பன், 8 பிணைப்பு. எல்லாமே ஒற்றைச் சகப்பிணைப்பு. ரெண்டுக்கும் நிறம் கிடையாது, தண்ணியோட முழுசா கலந்துடும். நாக்கையும் மூக்கையும் நம்பிப் பிரிச்சுச் சொல்ல முடியாது. ஆனா கல்லீரலுக்குள்ள போனதும் கதை மாறுது. எத்தனால் அசிட்டிக் அமிலமாகுது. அதை உடம்பு செலவழிச்சிடும். மெத்தனால் ஃபார்மிக் அமிலமாகுது. அது சேரச் சேர, செல்களால் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாது. பார்வை போகும், பிறகு உயிர் போகும்.

"குடிச்சவன்தானே, சாகட்டும்"னு சொல்ற நண்பர் உங்க ஹாஸ்டல்லயும் இருப்பார். தான் குடிச்சது எதுன்னே இறந்தவருக்குத் தெரியாதுன்னு அவர்கிட்ட சொல்லுங்க.

கைதும் நிவாரணமும் சாவுக்குப் பிறகு வர்றது. சாவுக்கு முன்னாடி ஒரு இடைவெளி இருக்கு. விஷம் முழுசா வேலையைக் காட்டப் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூட ஆகும். அதுக்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போனா, கல்லீரல் நொதியைத் தடுக்கும் மருந்தும் டயாலிசிஸும் காப்பாத்தலாம். போதை தெளியட்டும்னு படுக்க வெச்சாலோ, போலீஸுக்குப் பயந்து மறைச்சாலோ அந்த நேரம் கை நழுவிடும்.

என்.எஸ்.எஸ். முகாம்ல மரக்கன்று நடுறோம், சுவருக்கு வெள்ளையடிக்கிறோம். அதோட மூணு விஷயமும் சொல்லிட்டு வருவோம். வாசனையை நம்பாதீங்க. குடிச்ச பிறகு கண் மங்கினாலோ, வயிறு வலிச்சாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்க. என்ன குடிச்சாங்கன்னு டாக்டர்கிட்ட மறைக்காதீங்க.

இது குடிக்கு வக்காலத்து இல்லை. நாம 2 மார்க்குக்குப் படிச்ச வேதியியல், அது தேவைப்படுற வீட்டுக்குப் போய்ச் சேரணும், அவ்வளவுதான்.