நல்லா வந்தா பாத்துக்கலாமா?

"முதல்ல ஒரு 61 கட்டை கீபோர்டு வாங்கிக்கங்க சார். நல்லா வந்தா அப்புறம் பெருசா பாத்துக்கலாம்."

முப்பத்து மூன்று வயதில் பியானோ கற்கக் கிளம்பிய எனக்குக் கடைக்காரர் சொன்னது இது. அபார்ட்மெண்ட் வாழ்க்கை, ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் நேரம். ஹெட்போன் மாட்டினால் யாருக்கும் தொந்தரவில்லை. வாங்கினேன், ஒன்றரை வருடம் வாசித்தேன். பிறகு ஆசிரியர் வீட்டு நிஜ பியானோவில் உட்கார்ந்தபோது, மெல்லிய இடங்களில் பாதி ஸ்வரங்கள் ஒலிக்கவே இல்லை. மீதி அலறின.

நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் மோசமான அறிவுரை இது.

பியானோவில் விரல் தந்தியைத் தொடுவதில்லை. கட்டையை அழுத்தினால், நெம்புகோல்கள் வழியே ஒரு சுத்தியல் தந்தியை நோக்கி எறியப்படுகிறது. கடைசிக் கணத்தில் அது விடுபட்டுத் தானாகப் பறக்கிறது. ரொம்ப மெதுவாக எறிந்தால் தந்தியை எட்டாமலே திரும்பிவிடும். எனக்கு ஒலிக்காத ஸ்வரங்கள் அவைதான். ஸ்பிரிங் வைத்த கீபோர்டில் எறிவதற்கு எடையே கிடையாது. பெட்டியில் "டச் சென்சிட்டிவ்" என்று போட்டிருப்பார்கள். பொய்யில்லை. கட்டை இறங்கும் வேகத்தை அளந்து 1 முதல் 127 வரை ஓர் எண்ணாக்கும். ஆனால் விரல் எதைத் தள்ளிப் பழகியது? அதை அந்த எண் சொல்லாது.

"அமைதி வேணும்னா ஃபீலை விட்டுத்தான் ஆகணும்" என்பதும் பொய். 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய வீடுகளில் பயிற்சிக்குக் கிளாவிகார்டு வைத்திருந்தார்கள். மிகச் சன்னமான ஒலி. ஆனாலும் விரலின் சின்னத் தடுமாற்றத்தைக்கூட அது காட்டிக்கொடுக்கும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எடையுள்ள கட்டை என்றால் தட்டும் சத்தமும் உண்டு. அது ஸ்டாண்ட் வழியாகத் தரைக்கு இறங்கும். ஹெட்போனுக்குள் நீங்கள் ஷோபானில் மிதந்துகொண்டிருக்க, கீழ்வீட்டுக்காரருக்குக் கேட்பது வெறும் 'தட் தட்'. தடித்த ரப்பர் விரிப்புக்கும் ஆடாத ஸ்டாண்டுக்கும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்.

கடைக்குப் போனால் முதலில் பவரை ஆஃப் பண்ணிவிட்டு வாசியுங்கள். பக்கத்து வீட்டுக்குப் போகப்போவது அந்தச் சத்தம்தான். பிறகு ஆன் செய்து, முடிந்தவரை மெதுவாக ஐந்து ஸ்வரம் வாசியுங்கள். ஒரே கட்டையை, முழுதாக மேலே வரவிடாமல் மறுபடி மறுபடி அழுத்துங்கள். 500 டோன், 200 ரிதம் கணக்கெல்லாம் காதில் விழவேண்டாம். 88 கட்டை, ஹேமர் ஆக்‌ஷன், ஒரு நல்ல பெடல் போதும். ரோலண்ட் எஃப்பி-10, யமஹா பி-145 போன்ற தொடக்க மாடல்களிலேயே ஹேமர் ஆக்‌ஷன் கிடைக்கிறது.

காசு அதிகம்தான், மறுக்கவில்லை. செகண்ட்ஹேண்டில் தேடுங்கள். சினிமாப் பாட்டுக்கும் மேடைக்கும் கீபோர்டு வாசிப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அது வேறு வாத்தியம், வேறு வித்தை. அதைப் பியானோவுக்கு முதல் படி என்று விற்காதீர்கள் என்கிறேன்.

வால்யூமைக் குறைப்பது பட்டனின் வேலை. மெல்ல வாசிப்பது விரலின் வேலை. "நல்லா வந்தா பாத்துக்கலாம்" என்கிறார்களே, நல்லா வருவதற்கே அதுதானே வேண்டும்?