சிறகுக்கு ஓர் உறை



ஆண்டு விழா மலரென்றால், தமிழின் தொன்மை பற்றியோ ஒழுக்கத்தின் உயர்வு பற்றியோ ஆசிரியர் எழுதுவார் என்று எதிர்பார்ப்பது இயல்பே. நான் எழுத எடுத்துக்கொண்டதோ ஒரு துணிப்பை. நம் மாணவர்கள் செய்யும் சிறு விமானங்களின் இறக்கைகளைப் பாதுகாக்கும் பை. 'இதற்கும் ஒரு கட்டுரையா?' என்று நகைப்போர், இறுதிவரை படித்த பின்னர் நகைக்குமாறு வேண்டுகிறேன்.

சென்ற மழைக்காலத்தில், வார இறுதி வகுப்பு முடிந்தபின் எஞ்சிய வேளைகளில், மூங்கிற் சிம்பும் மெல்லிய தாளும் பசையும் கொண்டு கைவீச்சு விமானங்கள் செய்யக் கற்பித்தேன். அவற்றுக்கு இயந்திரமில்லை, மின்கலமில்லை. முற்றத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு மிதந்து செல்வதே அவற்றின் முழுப் பயணம். மாணவர்கள் செய்தவை எட்டு. அவற்றுள் ஒன்றேனும் பறக்கும்போது உடையவில்லை. ஆனால், வீடு சேருமுன் உடைந்தவை நான்கு! ஒன்று பேருந்து நெரிசலில் முறிந்தது. ஒன்றின்மேல் யாரோ அரிசிப் பையை வைத்தார்கள். இரண்டு மழையில் நனைந்து உருக்குலைந்தன. ஆக்கப் பொறுத்தவர்க்கு ஆறப் பொறுக்கவில்லை என்பார்கள். மூன்று வாரம் பொறுமையோடு செய்த பிள்ளைகளுக்கு, அதனைப் பொதிந்து எடுத்துச்செல்லும் பொறுமையை நான் கற்பிக்கவில்லை. பிழை என்னுடையதே.

இப்பிழையில் நான் தனியன் அல்லன். 1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள், ரைட் சகோதரர்களின் விமானம் நான்கு முறை பறந்தது. நான்காம் பறப்பு 59 விநாடிகள் நீடித்து, 852 அடி தொலைவைக் கடந்தது. அதன்பின், தரையில் நின்றுகொண்டிருந்த அவ்விமானத்தை ஒரு பலத்த காற்று புரட்டிப் போட்டு நொறுக்கியது. அது மீண்டும் பறக்கவே இல்லை. 1908இல் பிரான்சு நாட்டில் வில்பர் ரைட் தம் விமானப் பெட்டிகளைத் திறந்தபோது, சட்டங்கள் முறிந்தும் துணி கிழிந்தும் கிடந்தன. சரியாகப் பொதியவில்லையெனத் தம்பியைக் கடிந்து கடிதம் எழுதினார். பெட்டிகளைத் திறந்து பார்த்துவிட்டு அலட்சியமாகத் திருப்பியடுக்கிய சுங்கத்தாரே குற்றவாளிகள் என்பது பின்னரே தெரிந்தது. பழுது பார்க்கவே வாரக்கணக்கிற் பாடுபட்டு, ஆகஸ்டு 8ஆம் நாள்தான் அவர் பறந்து காட்டினார். பறக்கும் பொருளுக்குப் பகை வானத்தில் மட்டுமன்று. தரையிலும் உண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இறக்கைக்கு ஏன் இத்தனை பரிவு? அது வெறும் தட்டையான பலகையன்று. இரு பக்கமும் ஒரே சாய்வில் அமைந்தாலன்றி நேரே செல்லாது. தாள் நனைந்து தளர்ந்து, பின்னர் உலரும்போது ஒருபுறமாய் இழுத்துவிட்டால், இறக்கை கண்ணுக்குத் தெரியாத அளவில் முறுக்கிக்கொள்ளும். ஒரு பக்கத்தில் தூக்கும் விசை மிகும். விமானம் சாய்ந்து சுழன்று வீழும். செய்தவனோ, 'நான் எறிந்தது தவறு' என்று வருந்துவான். கெட்டது எறிதலிலன்று, வைத்த விதத்தில்.

பொருள் வசதி மிக்க நாடுகளில், இருபுறமும் வெள்ளித்தாள் ஒட்டி நடுவே காற்றுக் குமிழிகள் கொண்ட விரிப்பினால் இப்பைகளைத் தைக்கின்றனர். வெயில் எதிரொளித்துத் திரும்பும்; இடியும் தாங்கும். நமக்கு அது வேண்டுவதில்லை. பழைய லுங்கி ஒன்றும், மெல்லிய பிளானல் துணியும், ஒரு பிடி மூங்கிற் சிம்பும் போதும்.

முதலில், செய்தித்தாளின்மேல் இறக்கையை வைத்துச் சுற்றுவரை கோடிடுக. நாற்புறமும் இரண்டு விரற்கிடை கூட்டுக. வெளியே லுங்கித் துணி, உள்ளே பிளானல். இரண்டுக்கும் இடையில் நீளவாக்கில் ஓரங்குல இடைவெளி விட்டுத் தையலோட்டி, அந்தக் குழாய்களில் சிம்புகளைச் செருகுக. தையலின் மடிப்பு வெளிப்புறமே இருக்கவேண்டும். உட்புறம் இருந்தால் அதுவே தாளை உராயும். வாயை மூடப் பொத்தான் வேண்டா, அழுத்தும். ஒட்டுப்பட்டையும் வேண்டா, தாளைப் பற்றிக் கிழிக்கும். மடக்கி மூடும் தொங்கலும் இரண்டு நாடாக்களும் போதும். இடம், வலம் தெரிய வேறு வேறு வண்ண நூலால் அடையாளமிடுக. பிளாஸ்டிக் பையில் மட்டும் இட்டு மூடாதீர். மே முதல் அக்டோபர் வரை நம் யாங்கோன் மழையின் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். மழை ஓய்ந்ததும் பையை வெயிலில் உலர்த்துக, இறக்கையை அன்று.

துணிக்குள் மூங்கில் வைக்கும் இந்த உபாயம் என் கண்டுபிடிப்பன்று. இந்நாட்டு மடாலயங்களில் ஓலைச்சுவடிகளை, மூங்கிற் சிம்பு வைத்த துணியிற் சுருட்டி, 'சாசீஜோ' என்னும் நெய்த நாடாவாற் கட்டி வைப்பது நெடுநாளைய வழக்கம். அந்நாடாவில், சுவடியை வழங்கியோரின் பெயரும் புண்ணியமும் எழுத்தாகவே நெய்யப்பட்டிருக்கும். நம் முன்னோரும் ஏட்டுச் சுவடிகளை மரச்சட்டங்களுக்கிடையே வைத்துத் துணியிற் பொதிந்தனர். அப்படிக் காத்தவை டாக்டர் உ. வே. சாமிநாதையரின் கைக்கு வந்து அச்சேறின. காவாதவை செல்லரித்தும் நெருப்பிலிட்டும் அழிந்ததை அவரே தம் வரலாற்றில் வருந்தி எழுதியிருக்கிறார். எழுதியவனின் புலமை மட்டும் ஒரு நூலை வாழ வைப்பதில்லை. எவரோ ஒருவர் தைத்த உறையும் சேர்ந்தே வாழ வைக்கிறது.

இனி என்னைப் பற்றி ஒரு செய்தி. பசுந்தாங்கிற்கு நான் வந்து சில ஆண்டுகளே ஆகின்றன. அதற்குமுன் பகோ பகுதியிலுள்ள ஓர் ஊரில் பள்ளி ஆசிரியனாக இருந்தேன். 2021ஆம் ஆண்டுக்குப் பின் சண்டை நெருங்கவே, ஓர் அதிகாலையில் ஊரை விட்டுப் புறப்பட்டோம். என் புத்தகங்களைச் சாக்கில் அவசரமாகக் கட்டினேன். வழியில் பெய்த மழையில் அவை ஊறிக் கூழாயின. என் மனைவி, சுவரில் தொங்கிய ஒரு நீண்ட பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். 'இப்போது இது எதற்கு?' என்று கடிந்தேன். 'பிள்ளைகளுடையதல்லவா?' என்றாள். அவளே முன்பு தைத்த பை அது. உள்ளே, என் கடைசி வகுப்பு மாணவர்கள் செய்த மூன்றடி நீள இறக்கை. உடற்பகுதி ஊரிலேயே நின்றுவிட்டது. இறக்கைக்கோ ஒரு கீறலும் இல்லை. அதன் அடிப்புறத்தில், பென்சிலால் பதினோரு பெயர்கள் எழுதப்பட்டிருக்கின்றன. அவர்களுள் எழுவர் இருக்குமிடம் அறிவேன். நால்வரைப் பற்றி இன்றளவும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

அவ்விறக்கையை இங்கு வகுப்பிற் காட்டியபோது, ஒரு சிறுமி கேட்டாள்: 'ஐயா, அவர்கள் வந்து கேட்டால் கொடுத்துவிடுவீர்களா?' கொடுப்பேன் என்றேன். அதற்காகத்தான் வைத்திருக்கிறேன்.

ஆகவே, பெற்றோர்களே, 'படிக்க அனுப்பினால் தைக்கச் சொல்கிறார்' என்று முகம் சுளிக்காதீர்கள். 'தையல் பெண்பிள்ளை வேலை' என்று ஆண்பிள்ளைகளைத் தடுக்காதீர்கள். அளவெடுக்கவும், பொறுமை காக்கவும், தன் உழைப்பைத் தானே மதிக்கவும் கற்பிக்கும் கல்வி இது. செலவும் அற்பமே. நேரமாகும் என்பது மெய்; ஒரு பைக்கு இரண்டு வகுப்புகள் செல்லும். உடைந்த இறக்கையைப் புதிதாய்ச் செய்ய மூன்று வாரம் செல்கிறதே, அதனை எண்ணிப் பாருங்கள்.

பள்ளி நிர்வாகத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு விழாக் கண்காட்சியில் விமானத்துக்கு மட்டும் மதிப்பெண் வழங்காமல், நூற்றுக்கு முப்பதை அதன் உறைக்கு ஒதுக்குங்கள். உறை தைக்காத விமானத்தை முற்றத்தில் வீச இசைவளிக்க வேண்டா. வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதை நம் பிள்ளைகளுக்கு நேராதிருக்கட்டும்.

வாரத்திற்கு ஒருநாள் நாங்கள் கற்பிக்கும் தமிழும் மென்மையானதே. அதனை வீட்டுக்குச் சேதமின்றிக் கொண்டுசெல்ல என்ன உறை தைக்கிறீர்கள் என்பதை உங்கள் சிந்தனைக்கே விடுகிறேன்.

சென்ற மாதம், எஞ்சிய நான்கு விமானங்களுக்கும் உறைகள் தைத்து முடித்தோம். அவற்றை விழா நாளன்று மேடைக்கு இடப்புறச் சுவரில் காணலாம். எடுத்துப் பாருங்கள், நாடாவை அவிழ்த்தால் மீண்டும் கட்டிவிடுங்கள்.